சொல்லும் நீரும்: தீரர் சத்தியமூர்த்தியின் நகரப் பணியும் நாட்டுப் பணியும்

புலவர் அரசரிடம் பொருள் வேண்டி நிற்பது தமிழ் இலக்கிய மரபில் பலகால் காணும் செய்தி. புலவர் ஒருவர் அரசனிடம் நீர்நிலை வேண்டி நின்றது அத்துணை வழக்கமான செய்தியன்று. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய குடபுலவியனார், புறநானூற்றின் 18ஆம் பாடலில், தமக்கென்று எதனையும் கேளாது, தாழ்ந்த நிலப்பகுதிகளில் நீரைத் தேக்கி வைக்குமாறு அம்மன்னனுக்கு அறிவுறுத்துகிறார். மறுமைப் பேறும் வெற்றியும் நிலைத்த புகழும் விரும்பும் வேந்தன் செய்யத்தக்க செயல் அதுவே என்பது அவர் காட்டிய நெறி. சொல்வல்லார் ஒருவர் தம் சொல்லை மக்களின் தண்ணீருக்காகச் செலவிட்ட அந்நிகழ்ச்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் ஓர் இணை தேடுவோர், தீரர் சத்தியமூர்த்தியின் வாழ்வில் அதனைக் காணலாம்.

சத்தியமூர்த்தி என்றவுடன் நினைவுக்கு வருவது அவருடைய நாவன்மை. மேடையிலும் சட்டசபையிலும் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து முழங்கியவர், காமராசரை அரசியலில் வளர்த்தெடுத்தவர், சிறைவாழ்வால் உடல் நைந்து உயிர் நீத்தவர் என்னும் மூன்று செய்திகளோடு அவர் வரலாறு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சென்னை மாநகராட்சியின் மேயராக அவர் இருந்த ஓராண்டு, அவர் வாழ்வின் ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் அவர் பேசிய பேச்சுகள் காற்றோடு கலந்துவிட்ட இந்நாளில், அவர் பெயர் தாங்கி நிற்பது ஒரு நீர்த்தேக்கம். நாட்டுக்காகப் பேசிய ஒருவர் நகரத்தின் குழாய்த் தண்ணீருக்காகவும் பேசினார் என்பதும், அவ்விரண்டையும் அவர் வேறுவேறு பணிகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதும் அவர் வாழ்வை முழுமையாக நோக்குவார்க்குப் புலனாகும்.

கண்மாய் நாட்டில் பிறந்தவர்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் சத்தியமூர்த்தி பிறந்தார். குன்றின்மேல் கோட்டையும், குன்றைக் குடைந்தெடுத்த கோயில்களும் கொண்ட பழம்பெரும் ஊர் அது. திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்ற அத்தலத்துப் பெருமாளின் திருப்பெயரும் சத்தியமூர்த்தி என்பதே. தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர். சத்தியமூர்த்தியின் இளமையிலேயே அவர் மறைந்தமையால் குடும்பப் பொறுப்பின் சுமையை இளவயதிலேயே உணரும் நிலை ஏற்பட்டது.

புதுக்கோட்டை நிலம் வற்றாத ஆறு எதனையும் நம்பி வாழும் நிலமன்று. மழை பெய்யுங்கால் அதனைக் கண்மாயிலும் ஏரியிலும் ஊருணியிலும் பிடித்து வைத்து, மழையற்ற மாதங்களைக் கடத்தும் நிலம் அது. குடிநீருக்கு ஒரு குளம், குளிப்பதற்கு ஒரு குளம், வயலுக்கு ஒரு கண்மாய் எனப் பிரித்து வாழும் பழக்கம் அங்குள்ள சிற்றூர்கள் தோறும் உண்டு. நீரைத் தேக்கி வைத்தல் ஊரின் பொதுக்கடமை என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய தேவை அந்நிலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் பயின்று அவர் வழக்கறிஞரானார். ஆங்கிலம், தமிழ், வடமொழி ஆகிய மும்மொழிப் பயிற்சியும் அவரிடம் அமைந்திருந்தது. வழக்குமன்றம் அவருக்குத் தொழிலைத் தந்தது. எனினும் உள்ளம் பொதுவாழ்வையே நாடியது.

சொல்லே படைக்கலம்

1919ஆம் ஆண்டு, மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தங்கள் பற்றிய விவாதம் நடைபெற்ற காலத்தில், இங்கிலாந்து சென்ற காங்கிரசுத் தூதுக்குழுவில் சத்தியமூர்த்தியும் ஒருவராக இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. ஆளும் நாட்டின் தலைநகரிலேயே ஆளப்படும் நாட்டின் வழக்கை எடுத்துரைக்கும் வாய்ப்பு அவ்விளம் வயதில் அவருக்கு வாய்த்தது.

நாடு திரும்பியபின் காங்கிரசு இயக்கத்துள் எழுந்த பெரும் விவாதத்தில் அவர் ஒரு பக்கம் உறுதியாக நின்றார். சட்டசபைகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. சட்டசபைக்குள் நுழைந்து அங்கிருந்தே ஆட்சியை எதிர்க்க வேண்டும் என்பது சித்தரஞ்சன தாசும் மோதிலால் நேருவும் தோற்றுவித்த சுயராச்சியக் கட்சியின் கொள்கை. சத்தியமூர்த்தி பின்னவர் வழியைத் தேர்ந்தார். 1923ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக நுழைந்தார். சட்டசபையில் அவர் மேற்கொண்ட முறை கவனிக்கத்தக்கது. உணர்ச்சி மிக்க சொற்பொழிவு அவருக்கு இயல்பாகவே கைவந்தது. அதனினும் கூர்மையான கருவி அவருடைய கேள்வி. அரசின் கணக்குகளையும் அறிக்கைகளையும் நுணுகிப் படித்து, விடையளிப்போர் நழுவ இடமின்றி வினாத் தொடுப்பதில் அவர் வல்லவர்.

1934ஆம் ஆண்டு மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் போட்டியிட்டு, நீதிக்கட்சியின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவராகிய ஆற்காடு இராமசாமி முதலியாரை வென்றார். டில்லியில் பூலாபாய் தேசாயின் தலைமையில் இயங்கிய காங்கிரசு அணியில் முன்வரிசைப் பேச்சாளராக விளங்கினார். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தால் அரசு உறுப்பினர்கள் விழிப்படைவர் என்னும் அளவுக்கு அவர் பெயர் பரவிற்று. தீரர் என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அவருடைய அஞ்சாத நாவினாலேயே ஆகும்.

கவிஞனுக்காக எழுந்த குரல்

தமிழ்க் கவிதையுலகம் சத்தியமூர்த்திக்குக் கடமைப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டு பாரதியாரின் பாடல் நூல்கள் முதலில் பர்மாவிலும், அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலும் தடை செய்யப்பட்டன. காவல்துறையினர் நூற்படிகளைப் பறிமுதல் செய்தனர். கவிஞர் மறைந்து அப்போது ஏழாண்டுகள் கடந்திருந்தன. தம் பாடலுக்காக வாதாட அவர் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் சென்னைச் சட்டசபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர்ந்து அத்தடையை எதிர்த்து வாதாடியவர் சத்தியமூர்த்தி. கட்சி வேறுபாடுகளையும் கடந்து உறுப்பினர் பலர் அவரை ஆதரித்தனர். தீர்மானம் பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது.

கவிதைக்கும் சட்டத்துக்கும் இடையே நடந்த அவ்வழக்கில், பாடல்களைச் சட்டசபையின் பதிவேட்டிலேயே ஏறச் செய்தது அவருடைய நுட்பம். ஆட்சி தடுக்க நினைத்த நூலை ஆட்சியின் அவையிலேயே பேசுபொருளாக்கினார். ஒரு மொழியின் கவிஞனைக் காப்பதும் நாட்டு விடுதலையின் ஒரு கூறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நாடகக் கலையோடும் அவருக்கு நெருங்கிய உறவு இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையின் நாடகங்களில் அவர் நடித்ததுண்டு. நாடகக் கலைஞரைத் தாழ்வாக நோக்கிய காலத்தில் அவர்களைத் தேசிய இயக்கத்தின் பக்கம் அழைத்தவருள் அவர் முதன்மையானவர். கே. பி. சுந்தராம்பாள் காங்கிரசு மேடைகளில் பாடியதற்கு அவருடைய தூண்டுதல் பெருங்காரணமாக அமைந்தது.

அவர் வாழ்வை எழுதுவோர் மறைக்கக் கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் முயன்றபோது, அதனை எதிர்த்து நின்றவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். கோயில் மரபையும் கலையையும் காக்கும் எண்ணம் அதற்கு அடிப்படை எனக் கூறுவாருண்டு. எக்காரணம் கூறினும், பெண்களின் வாழ்வைச் சிதைத்த ஒரு வழக்கத்தின் பக்கம் அவருடைய சொல்வன்மை நின்றது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. முத்துலட்சுமி ரெட்டியின் நெடும்போராட்டத்தின் பயனாக 1947இல் அவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அரசியல் விடுதலையைக் கண்ட கண் சமூக விடுதலையின் ஒரு பகுதியைக் காணத் தவறிற்று. இக்குறையோடு சேர்த்தே அவரை மதிப்பிடுதல் வேண்டும்.

பதவி வாராத தலைவர்

1930ஆம் ஆண்டுச் சட்டமறுப்பு இயக்கக் காலத்தில், திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின்மேல் தேசியக் கொடியை ஏற்ற முயன்றபோது சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டார். அதன்பின் சிறை அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் வந்தது.

1936ஆம் ஆண்டு அவர் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார். விருதுநகர்த் தொண்டராகிய காமராசர் செயலாளராக அமைந்தார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு பெருவெற்றி பெற்றது. இராசாசி பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்பதற்காகச் சத்தியமூர்த்தி விலகி வழிவிட்டார். இராசாசி முதலமைச்சரானார். சட்டசபை வழியே காங்கிரசு ஆட்சியில் அமர வேண்டும் எனப் பல்லாண்டு வாதாடிய சத்தியமூர்த்திக்கு அவ்வமைச்சரவையில் இடம் கிட்டவில்லை. மனம் கசந்து ஒதுங்கியிருக்கத்தக்க தருணம் அது. அவர் ஒதுங்கவில்லை. டில்லிச் சட்டசபைப் பணியையும் இயக்கப் பணியையும் தொடர்ந்தார்.

1940இல் காமராசர் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, முன்பு தலைவராயிருந்த சத்தியமூர்த்தி அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். தம்மிடம் பயின்றவரின் தலைமையை ஏற்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பதவியின் உயரத்தைப் பாராது பணியின் தேவையைப் பார்க்கும் இவ்வியல்பே அவரை நகராட்சிப் பொறுப்புக்கும் இட்டுச் சென்றது. பேரரசின் அமைச்சர்களை டில்லியில் வினவிய ஒருவர், தெருவிளக்கும் சாக்கடையும் குழாயும் பேசப்படும் மன்றத்தில் அமர்வதைத் தாழ்வாகக் கருதியிருக்கலாம். அவர் அவ்வாறு கருதவில்லை.

தாகம் கொண்ட நகரம்

சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு தோன்றியது. இந்தியாவின் முதல் மாநகராட்சி அதுவே. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் வெண்ணிறப் பொலிவு அதன் பழம்பெருமைக்கு ஏற்றதாக அமைந்தது. ஆயினும் அந்நகரின் பெருங்குறை தண்ணீர். சென்னைக்கென்று ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையே அதன் வாழ்வு. அம்மழை பொய்த்தால் அடுத்த கோடையில் கிணறுகள் வறளும். மழை மிகுந்தாலோ ஆறுகளில் வெள்ளம் பெருகிச் சில நாளில் கடலுக்குள் சென்றுவிடும்.

நகரின் முறையான குடிநீர்த் திட்டம் 1872ஆம் ஆண்டில் தொடங்கியது. கொசத்தலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றம் ஏரிக்குக் கொணர்ந்து, அங்கிருந்து கால்வாயில் நகருக்கு விடுத்தனர். அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை சுமார் 3 லட்சத்து 97 ஆயிரம். 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்புத் தொட்டிகள் அமைந்த பின்னரே தூய்மையாக்கிய நீர் குழாய்களில் வந்தது. மாநகராட்சியின் பொறியாளர் மேட்லி அத்திட்டத்தை வகுத்தார். 1961இல் நகர மக்கள்தொகை 6 லட்சத்து 60 ஆயிரம் ஆகும் என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப அமைப்புகள் கட்டப்பட்டன.

நகரம் அம்மதிப்பீட்டுக்குக் காத்திருக்கவில்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை சுமார் 6 லட்சத்து 47 ஆயிரத்தை எட்டிவிட்டது. 1941இல் அது சுமார் 7 லட்சத்து 77 ஆயிரமாயிற்று. 1961ஆம் ஆண்டுக்கென வகுத்த அளவு, அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே கடந்துபோயிற்று. ஏரியும் தொட்டியும் குழாயும் பழைய அளவிலேயே நிற்க, குடிப்போர் தொகை மட்டும் பெருகிற்று. குழாயடியில் குடங்களோடு காத்திருப்பது ஏழை மக்களின், அதிலும் பெண்களின், அன்றாடத் துயரமாயிற்று. சொந்தக் கிணறும் வேலையாளும் உடையவர்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் ஓர் இடையூறு. மற்றையோர்க்கு அது நாள் முழுவதையும் விழுங்கும் உழைப்பு.

ஓராண்டுப் பொறுப்பு

1939ஆம் ஆண்டு சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். அக்காலத்தில் மேயர் பதவியின் காலம் ஓராண்டே. 1919ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தின்படி நிருவாக அதிகாரம் ஆணையரிடம் இருந்தது. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்கலாம், நெறிப்படுத்தலாம், வற்புறுத்தலாம். ஆணையிட்டு எதனையும் கட்டிவிட அவரால் இயலாது. பெருந்திட்டம் எதற்கும் மாகாண அரசின் ஒப்புதலும் பணமும் தேவை. எனவே மேயரிடம் இருந்த உண்மையான கருவி அவருடைய சொல் ஒன்றே.

அவர் பொறுப்பேற்ற காலத்தின் சூழலை நோக்கினால் அப்பணியின் கடுமை விளங்கும். 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியரைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவைப் போரில் இறக்கிய ஆங்கில அரசின் செயலைக் கண்டித்து, அக்டோபர் இறுதியில் இராசாசியின் அமைச்சரவை பதவி விலகிற்று. மாகாண ஆட்சி ஆளுநரின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. காங்கிரசு அமைச்சரவை இருந்திருப்பின், தம் தோழரிடம் கேட்பதாக மேயரின் கோரிக்கை அமைந்திருக்கும். இப்போது அவர் கேட்க வேண்டியது, தம் இயக்கம் எதிர்த்து நிற்கும் ஆட்சியிடம். போர்ச்செலவு முன்நிற்கையில் குடிநீருக்குப் பணம் ஒதுக்குமாறு அவ்வாட்சியை இணங்கச் செய்ய வேண்டும்.

நாட்டுப்பற்றுடைய ஒருவர் முன் இங்கு இரு வழிகள் இருந்தன. எதிரியிடம் எதனையும் கேளேன் என்று விலகி நிற்பது ஒன்று. அவ்வழியில் தன்மானம் காக்கப்படும். நகரின் குடங்கள் வெறுமையாகவே இருக்கும். மற்றொன்று, மக்களின் வரிப்பணத்தில் மக்களுக்குரியதைக் கேட்பது உரிமையே அன்றி இரத்தல் அன்று என்று துணிவது. சத்தியமூர்த்தி இரண்டாம் வழியைத் தேர்ந்தார். சட்டசபைக்குள் நுழைந்து போராடுவதைப் பல்லாண்டு ஆதரித்து வந்த அவருடைய கொள்கைக்கு அது மாறானதன்று. ஆட்சியை எதிர்ப்பதும், அவ்வாட்சியிடமிருந்து குடிமக்களுக்குரிய பயனைப் பெறுவதும் ஒரே போராட்டத்தின் இரு முனைகள் என்பதே அவர் செயல் காட்டும் தெளிவு.

பூண்டி

நகருக்கு மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூரை அடுத்த பூண்டியில் கொசத்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி நீர்த்தேக்கம் அமைப்பதே திட்டம். நகரி ஆற்றின் நீரையும் ஏற்று வரும் கொசத்தலையாறு, மழைக்காலத்தில் பெருகி எண்ணூரில் கடலோடு கலப்பது. செங்குன்றம், சோழவரம் ஏரிகள் ஏற்கும் அளவுக்கு மேற்பட்ட வெள்ளமெல்லாம் வீணாகிக்கொண்டிருந்தது. பூண்டியில் அவ்வெள்ளத்தைப் பிடித்து வைத்து, தேவைப்படும் காலத்தில் ஆற்றின் வழியே தாமரைப்பாக்கத்துக்கு விடுத்தால், பழைய கால்வாய்கள் வழியாகவே அது நகரை அடையும். மழைக்காலத்தில் கிடைப்பதைக் கோடைக்குச் சேமிப்பது என்னும் எளிய கருத்து அது. புதுக்கோட்டைக் கண்மாயின் கருத்தும் அதுவே.

ஆளுநராக எர்ஸ்கின் பிரபு விடைபெற்று, 1940 மார்ச்சில் ஆர்தர் ஹோப் பொறுப்பேற்றார். சத்தியமூர்த்தி தம் பதவிக்காலத்துக்குள் அரசின் இசைவைப் பெற்றார். 1940ஆம் ஆண்டில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் நாட்டினார். சிறைக்கு அனுப்பும் ஆட்சியின் தலைவரும், சிறைக்குச் சென்றுவந்த, மீண்டும் செல்லவிருந்த மேயரும் ஒரே பணியில் இணைந்த அந்நாள் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. போர்க்காலத்தில், ஓராண்டே நிற்கும் ஒரு பதவியில், நிருவாக அதிகாரம் ஏதுமின்றி இத்தகைய திட்டத்தைத் தொடங்கி வைத்தது அரிய செயல். நீர்த்தேக்கத்தை வடிவமைத்தவரும் கட்டியவரும் பொறியாளரும் தொழிலாளருமே. திட்டம் கோப்புக்குள் உறங்கிவிடாமல் மண்ணில் இறங்கச் செய்தது மேயரின் விடாமுயற்சி.

சட்டசபையில் பேசிய சொல்லுக்கும் இங்கே பேசிய சொல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே எதிராளியை வெல்வதே நோக்கம். இங்கே எதிராளியை இணங்கச் செய்வதே நோக்கம். முன்னதற்குக் கைத்தட்டல் கிடைக்கும். பின்னதற்குக் கோப்பில் ஒரு கையொப்பம் கிடைக்கும். கைத்தட்டலுக்குப் பழகிய நாவினர் கையொப்பத்துக்காகப் பொறுமையோடு வாதிடுதல் எளிதன்று. சத்தியமூர்த்தியின் நாவன்மை அதன் முழுமையை அடைந்தது இவ்விடத்திலேதான் எனலாம்.

சிறையும் மறைவும்

மேயர் பொறுப்பு முடிந்தபின் அவர் மீண்டும் போராட்டக் களத்துக்கே சென்றார். தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். சிறையிலிருந்து மகள் இலட்சுமிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. உரத்த குரலில் பேசியே பழகியவர், ஒரே ஒருவருக்காக மெல்லிய குரலில் எழுதிய எழுத்து அது. மகளின் கல்வியிலும் மனவளர்ச்சியிலும் அவர் கொண்ட அக்கறைக்கு அக்கடிதங்கள் சான்று.

1942 ஆகஸ்டில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் குழு, வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தை நிறைவேற்றியது. நாடெங்கும் தலைவர்கள் கைதாயினர். சத்தியமூர்த்தியும் கைது செய்யப்பட்டு, மத்திய மாகாணத்தின் அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்நெடும்பயணத்தில் அவருடைய முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. முன்னரே நலிந்திருந்த உடல் அதன்பின் தேறவில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1943ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 55. விடுதலை நாளுக்கு இன்னும் நான்காண்டுகள் இருந்தன.

பூண்டியில் பணி நடந்துகொண்டிருந்தது. 1944ஆம் ஆண்டில் நீர்த்தேக்கம் நிறைவுற்றுப் பயனுக்கு வந்தது. சுமார் 65 லட்சம் ரூபாய் அதற்குச் செலவாயிற்று. அடிக்கல்லைக் கண்ட அவர் கண்கள் அதில் நிறைந்த நீரைக் காணவில்லை. நாட்டின் விடுதலையையும் அவர் காணவில்லை. தாம் உழைத்த இரு பணிகளின் பயனையும் காணாமலே அவர் மறைந்தார். பின்னர் அந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் சூட்டப்பட்டது.

எஞ்சி நிற்பவை

சத்தியமூர்த்தியின் பணி அவரோடு முடியவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காமராசர் காலத்தில் வைகை, சாத்தனூர், கிருட்டிணகிரி முதலிய அணைகள் எழுந்தன. சிற்றூர்கள் தோறும் பள்ளிகள் பெருகின. ஆட்சி என்பது மக்களின் தண்ணீருக்கும் சோற்றுக்கும் கல்விக்கும் விடை சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் காமராசருக்கு வறுமையும் பட்டறிவும் கற்பித்த பாடம். அவர் அரசியல் பயின்ற ஆசிரியரின் வாழ்விலும் அதற்கொரு முன்மாதிரி இருந்தது.

மகள் இலட்சுமி கிருட்டிணமூர்த்தி, கணவரோடு இணைந்து வாசகர் வட்டம் என்னும் பதிப்பகத்தை நடத்தினார். தமிழின் சிறந்த புத்திலக்கிய நூல்கள் சில அதன் வழியே வெளிவந்தன. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக் கரையோரம் பயணம் செய்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி அவற்றுள் ஒன்று. பாரதியின் நூலுக்காகத் தந்தை சட்டசபையில் எழுந்தார். மகள் தமிழ் நூல்களுக்குப் பதிப்பாளராக நின்றார். தந்தை ஓர் ஆற்றைத் தேக்க முயன்றார். மகள் ஓர் ஆற்றைப் பற்றிய நூலைத் தமிழுக்குத் தந்தார். இப்பொருத்தம் தற்செயலாக அமைந்ததாகலாம். எனினும் எண்ணி மகிழத்தக்கது.

பூண்டியின் பணி விரிந்துகொண்டே சென்றது. ஆந்திரத்துடன் 1983இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து வரும் கிருட்டிணா நதிநீர் 1996இல் முதன்முறையாகப் பூண்டியை அடைந்தது. தொலைவிலுள்ள ஒரு பேராற்றின் நீர் சென்னைக்குள் நுழையும் வாயிலாகவும் அந்நீர்த்தேக்கம் ஆயிற்று. ஆயினும் நகரின் தாகம் தீர்ந்தபாடில்லை. 2015இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019இல் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொணரும் நிலையை அடைந்தது. குடிநீருக்கென ஐந்தாவது நீர்த்தேக்கமாகக் கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகைத் திட்டம் 2020இல் பயனுக்கு வந்தது. பூண்டி நிறைவுற்று அதற்குள் 76 ஆண்டுகள் கடந்திருந்தன. வெள்ளம் கடலுக்குச் செல்லுமுன் பிடித்து வை என்னும் அறிவுரை குடபுலவியனார் காலத்திலும் பொருந்தியது, சத்தியமூர்த்தி காலத்திலும் பொருந்தியது. அதனை மறந்த ஆண்டுகளுக்கெல்லாம் நகரம் விலை கொடுத்தே வந்திருக்கிறது.

சொல்லைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர்க்குச் சத்தியமூர்த்தியின் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. நாடு என்னும் பெருஞ்சொல்லை ஆயிரம் மேடைகளில் முழங்குவோர் உளர். அச்சொல்லுக்குள் ஒரு தெருவும், அத்தெருவில் ஒரு குழாயும், அக்குழாயடியில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணும் இருப்பதைக் காண்போர் சிலர். அவர் எல்லாவற்றையும் கண்டுவிட்டார் என்று கூறுவதற்கில்லை. காணத் தவறிய பெண்களும் அவர் காலத்தில் இருந்தனர். ஆனால் அந்தக் குழாயடியை அவர் கண்டார். கண்டதற்காகத் தம் சொல்லைச் செலவிட்டார். மழை பெய்து பூண்டி நிறையும் ஒவ்வோராண்டும் அச்சொல் சென்னையின் வீடுகளுக்குள் தண்ணீராகச் சென்று சேர்கிறது.